முள் இறங்கினால் எஞ்சின் ஆறிவிட்டதா?

மோட்டார் வண்டியின் முன்பலகையில் உள்ள மீட்டர்களை நீங்கள் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வேகம் காட்டும் முள்ளை எல்லோரும் பார்ப்பார்கள். டீசல் அளவைக் காட்டும் முள்ளை ஓட்டுநர் அடிக்கடி பார்ப்பார். இவற்றின் பக்கத்தில் இன்னொரு சிறிய முள்ளும் உண்டு. அதன் ஒரு கோடியில் குளிர் என்பதற்கு அடையாளமாகச் 'சி' என்ற எழுத்தும், மறு கோடியில் சூடு என்பதற்கு அடையாளமாக 'எச்' என்ற எழுத்தும் ஆங்கிலத்தில் இருக்கும். 'எச்' பக்கம் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். சில வண்டிகளில் இந்த முள்ளுக்குத் துணையாக ஒரு சிவப்பு விளக்கும் இருக்கும். ஓட்டுநர்கள் இதனை 'ஹீட் மீட்டர்' என்பார்கள்.

நான் பணிபுரியும் திருச்செங்கோடு வண்டிகளை நம்பி வாழும் ஊர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இங்கிருந்து பல மாநிலங்களுக்குச் செல்கின்றன. அருகிலுள்ள சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தறி நூல் ஏற்றவும், சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லவும், கோயிலுக்குக் குடும்பத்தோடு போகவும் பழைய வேன்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்பகுதி ஓட்டுநர்களிடம் ஒரு பேச்சைக் கேட்கலாம். "முள்ளு மேல போச்சுங்ணா. கொஞ்ச நேரத்துல தானா எறங்கிருச்சு. வண்டி ஆறிருச்சுங்க."

இது சரியா? சில நேரங்களில் சரி. வேறு சில நேரங்களில், முள் இறங்கிய அந்த நிமிடத்தில்தான் எஞ்சின் அழிந்துகொண்டிருக்கும். ஒரே அடையாளம் நேர்மாறான இரு பொருளைத் தருவது எப்படி? இதை விளங்கிக்கொள்ள உங்கள் பாடநூலில் உள்ள இயற்பியலே போதும்.

எஞ்சினில் பிறக்கும் வெப்பம்

எஞ்சினின் உருளைக்குள் எரிபொருள் எரியும்போது வாயுவின் வெப்பநிலை 2,000° செல்சியசுக்கும் மேல் போகிறது. பிஸ்டன் செய்யப் பயன்படும் அலுமினியமோ 660° செல்சியசில் உருகிவிடும். இருந்தும் பிஸ்டன் உருகுவதில்லை. எரிதல் கண நேரமே நடப்பதும், உலோகத்திலிருந்து வெப்பம் இடைவிடாமல் வெளியேற்றப்படுவதுமே காரணம்.

எரிபொருள் தரும் ஆற்றலை மூன்றாகப் பிரித்தால், ஏறத்தாழ ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதி ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றியுள்ள நீருக்குச் செல்கிறது. வண்டிக்கு வண்டி இது மாறும் என்றாலும், தோராயக் கணக்குக்கு இந்த விகிதம் போதும்.

கொல்லிமலைக்குப் போகும் ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஆட்களோடு வேனின் நிறை 2,000 கிலோகிராம், ஏறும் உயரம் 1,000 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கம் 10 எனக் கொள்வோம். உயரத்தில் ஏற மட்டும் எஞ்சின் செய்யும் வேலை:

2,000 × 10 × 1,000 = 2 கோடி ஜூல்.

மேலே சொன்ன விகிதப்படி, ஏறத்தாழ இதே அளவு வெப்பம் நீருக்கும் போய்ச் சேரும். வேனில் 10 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோகிராம் நீரை 1° செல்சியஸ் உயர்த்த 4,200 ஜூல் தேவை. 80 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த:

10 × 4,200 × 20 = 8,40,000 ஜூல்.

இரண்டு கோடியை இதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 24 வரும். அதாவது, நீரிலிருந்து வெப்பம் வெளியேறவே வழியில்லை என்றால், பயணத்தின் 24-இல் ஒரு பங்கு முடிவதற்குள், ஏறத்தாழ 42 மீட்டர் உயரத்திலேயே நீர் கொதித்துவிடும். வளைவுகள் சம உயர இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அது மூன்றாவது வளைவு! எஞ்சின் உலோகம் ஏற்கும் வெப்பத்தைச் சேர்த்தால் இன்னும் சில வளைவுகள் கூடலாம். ஆனால் எழுபதை எட்ட முடியாது.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. எஞ்சினில் உள்ள நீர் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் அல்ல. ஓரிடத்தில் வாங்கி மற்றோரிடத்தில் கொடுக்கும் தூதுவன். தூதுவன் நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

நீரின் சுற்றுப் பயணம்

உருளைகளைச் சுற்றி எஞ்சினின் வார்ப்பிலேயே நீர் ஓடும் அறைகள் உள்ளன. இவற்றை நீருறை எனலாம். வாட்டர் பம்ப் நீரை இந்த அறைகளுக்குள் தள்ளுகிறது. சூடேறிய நீர் ரப்பர் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கே மெல்லிய குழாய்களிலும் அவற்றோடு ஒட்டிய தகடுகளிலும் காற்று பட்டு வெப்பம் வெளியேறுகிறது. ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது.

இடையில் தெர்மோஸ்டாட் என்ற ஒரு காவலாளி உண்டு. அதற்குள் மெழுகு அடைத்திருக்கும். வெப்பநிலை 80 டிகிரியைத் தாண்டும் நிலையில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை நீர் ரேடியேட்டருக்குப் போகாது. எஞ்சின் விரைவில் தன் வேலைக்குரிய வெப்பநிலையை அடைய இது உதவுகிறது.

தட்டையான சாலையில் வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே நல்ல விசிறி. மலை ஏறும்போது வேகம் குறைவு. எஞ்சின் செய்யும் வேலையோ அதிகம். அப்போது ஃபேன்தான் துணை. ரிக் வண்டியின் கம்ப்ரஸரை ஓட்டும் எஞ்சின் ஓரிடத்தில் நின்றபடியே மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடும். அதற்கு எதிர்காற்று என்பதே கிடையாது. ஆகையால் அவற்றுக்குப் பெரிய ரேடியேட்டரும் வலுவான ஃபேனும் வேண்டும். வெப்பநிலை எல்லை மீறினால் எஞ்சினைத் தானே நிறுத்திவிடும் சுவிட்ச் பல கம்ப்ரஸர்களில் பொருத்தப்பட்டுள்ளது.

ரேடியேட்டர் மூடியும் கொதிநிலையும்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அதில் வில்சுருள் வைத்த ஒரு வால்வு உண்டு. உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது திறக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பது நீங்கள் அறிந்ததே. வீட்டில் குக்கர் வேலை செய்வதும் இந்த விதிப்படிதான். வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அதைப்போல் இரு மடங்கு அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். எனவே மூடி சரியாக இருந்தால் 105 டிகிரியிலும் நீர் கொதிக்காமல் தன் வேலையைச் செய்யும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ரேடியேட்டரில் 110 டிகிரியில் 6 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். யாரோ அவசரப்பட்டு மூடியைத் திறக்கிறார். அழுத்தம் சட்டென்று குறைகிறது. நீர் உடனே 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அதனிடம் மிஞ்சும் வெப்பம் 6 × 4,200 × 10 = 2,52,000 ஜூல். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2,260 ஜூல் தேவை. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 110 கிராம் நீர் ஒரே நேரத்தில் ஆவியாகும். இது ஒரு தம்ளர் நீர்கூட இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஆவியாகும்போது அதன் கன அளவு 180 லிட்டருக்கு மேல்! அவ்வளவு ஆவியும் கொதிநீரை வாரி இறைத்துக்கொண்டு அந்தச் சிறிய வாய் வழியாக வரும். முகத்திலும் கையிலும் படும் கொப்புளங்களுக்கு இந்தக் கணக்கே காரணம்.

1984-இல் வெளிவந்த மாருதி வேனைப் போன்ற சில வண்டிகளில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருக்கும். ஹோஸ் வெடித்தால் ஆவி ஆட்களுக்குப் பக்கத்திலேயே வரும் என்பதால் அவற்றில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

முள்ளை நகர்த்துவது எது?

தொடக்க காலத்தில் வெப்பமானி ரேடியேட்டர் மூடியின் மேலேயே நின்றது. 1910-களில் அமெரிக்காவில் பரவிய பாய்ஸ் மோட்டோமீட்டர் அத்தகையது. ஓட்டுநர் கண்ணாடி வழியே முன்னால் பார்த்து அதைப் படிக்க வேண்டும். அது அளந்தது நீரின் வெப்பநிலையை அல்ல, நீருக்கு மேலே இருந்த ஆவியின் வெப்பநிலையை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்தது குழாய் வகை. பழைய டிராக்டர்களிலும் லாரிகளிலும் இதைக் காணலாம். எஞ்சின் நீரில் ஒரு சிறு உலோகக் குமிழ் அமிழ்ந்திருக்கும். அதில் ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். குமிழிலிருந்து முடிபோல் மெல்லிய செம்புக் குழாய் ஒன்று முன்பலகை வரை வரும். அங்கே அது, வளைந்த தட்டையான ஒரு குழாயில் முடியும். திரவம் சூடானால் ஆவியின் அழுத்தம் கூடும், வளைந்த குழாய் சற்றே நிமிரும், முள் நகரும். இந்த வளைகுழாயைப் பிரான்சைச் சேர்ந்த யூஜின் பூர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்று அறிமுகப்படுத்தினார். இதற்கு மின்சாரமே தேவையில்லை.

மூன்றாவது வகை மின்சார மீட்டர். 1833-இல் மைக்கேல் ஃபாரடே, வெள்ளி சல்பைடு என்ற பொருள் சூடானால் அதன் மின்தடை குறைவதைக் கண்டார். உலோகங்களில் இதற்கு நேர்மாறாகவே நடக்கும். இப்படித் தடை குறையும் குறைகடத்திப் பொருளால் ஆனதே தெர்மிஸ்டர். எஞ்சின் நீரில் அமிழ்ந்திருக்கும் பித்தளை உணரிக்குள் இது இருக்கிறது. குளிர்ந்தபோது பல நூறு ஓம் தடை. நன்றாகச் சூடானபோது சில பத்து ஓம் மட்டுமே.

பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் சாவி, மீட்டர், ஒற்றைக் கம்பி, உணரி ஆகியவற்றைக் கடந்து எஞ்சின் உடலில் எர்த் ஆகிறது. பழைய வேன்களின் மீட்டருக்குள் ஓர் ஈருலோகப் பட்டையும், அதன் மேல் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். நீர் சூடானால் உணரியின் தடை குறையும், மின்னோட்டம் கூடும், சுருள் சூடாகும், பட்டை வளையும், முள் 'எச்' பக்கம் நகரும். பட்டை சூடாகச் சில நொடிகள் ஆகும் என்பதால் முள் மெதுவாகவே நகரும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் முள் ஆடாது.

இந்தச் சுற்று புரிந்தால் பல புதிர்கள் விடுபடும். உணரியின் கம்பி அறுந்துவிட்டால் மின்னோட்டம் இல்லை; முள் 'சி' பக்கத்திலேயே படுத்துவிடும். கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தில் உரசினால் தடையே இல்லை. முள் சிவப்பைத் தாண்டி நிற்கும். இரண்டிலும் எஞ்சினின் வெப்பநிலைக்கும் முள்ளுக்கும் தொடர்பே கிடையாது.

இன்னொரு புதிர். பேட்டரி மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் மீட்டர் தவறாகக் காட்டாமலிருக்க, முன்பலகைக்குப் பின்னால் ஒரு மின்னழுத்த நிலைப்படுத்தி இருக்கும். பெரும்பாலும் டீசல் முள்ளும் வெப்ப முள்ளும் இந்த ஒன்றிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. நிலைப்படுத்தி கெட்டால் இரு முட்களும் சேர்ந்தே ஏறும். பாதி டாங்க் டீசல் இருக்கும் வண்டியில் டீசல் முள் நிறைந்ததுபோல் காட்டி, அதே நேரம் வெப்ப முள்ளும் ஏறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேடியேட்டரை அல்ல.

இரண்டு வகை விளக்குகள்

சிவப்பு விளக்கில் இரு வகை உண்டு. ஒன்று வெப்பநிலையைச் சொல்வது. எஞ்சின் நீரில் உள்ள ஈருலோகச் சுவிட்ச், 110 டிகிரியை ஒட்டிய ஒரு வெப்பநிலையில் மூடிக்கொண்டு விளக்கை எரியச் செய்யும். மற்றொன்று நீரின் மட்டத்தைச் சொல்வது. தொட்டியில் காந்தம் பொருத்திய மிதவையோ, நீரில் தோய்ந்த இரு உலோக முனைகளோ இருக்கும். நீரில் கரைந்துள்ள உப்புகள் இரு முனைகளுக்கிடையே சிறு மின்னோட்டத்தைக் கடத்தும். மட்டம் இறங்கி முனைகள் வெளியே வந்தால் மின்னோட்டம் நிற்கும், விளக்கு எரியும்.

இவ்விரண்டையும் ஒரே விளக்கில் சேர்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வேன்களில் நெடுங்காலம் காற்றால் குளிரும் எஞ்சினே இருந்தது. 1980-களில் அவை நீருக்கு மாறியபோது, வெப்ப முள்ளுக்கு அருகில் ஒரு சிறு சிவப்பு விளக்கு வைக்கப்பட்டது. சாவியைத் திருப்பியதும் அது சில நொடிகள் சிமிட்டி அணையும். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்பது அதன் பொருள். ஓடும்போது மீண்டும் சிமிட்டினால், முள்ளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முள் உயரத்தில் இருந்தால் சூடு மிகுதி. முள் நடுவில் இருந்தால் நீர் மட்டம் குறைந்திருக்கிறது, அல்லது மட்ட உணரி பழுது.

சாவி போட்டதும் எரிந்து அணையாத விளக்கை நம்ப முடியாது. பல்பு போயிருந்தால் எந்த ஆபத்திலும் அது எரியப்போவதில்லை. எரியாத விளக்கு 'எல்லாம் நலம்' என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முள் பொய் சொல்லும் இரு வேளைகள்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். முள் எஞ்சினின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. உணரி எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதன் வெப்பநிலையையே காட்டுகிறது. நீர் நிறைந்திருக்கும்வரை இந்த வேறுபாடு பெரிதல்ல. நீர் குறையத் தொடங்கினால் இதுவே எல்லாம்.

முதல் வேளை: மூடியின் ரப்பர் வளையம் இற்றுப்போய் அழுத்தம் நிற்கவில்லை. இப்போது நீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கத் தொடங்கிய நீருக்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், அது ஆவியாகும் உள்ளுறை வெப்பமாகவே செலவாகும், வெப்பநிலை ஏறாது. விளக்கோ 110 டிகிரியில்தான் எரியும். ஆகவே விளக்கு எரியாமல், முள் சிவப்பைத் தொடாமல், ரேடியேட்டர் நீர் முழுவதும் ஆவியாகி வெளியேற முடியும்!

இரண்டாம் வேளை: ஹோஸ் கிழிந்து நீர் ஒழுகிவிட்டது. முதலில் முள் ஏறும். நீர் மட்டம் உணரிக்குக் கீழே இறங்கியதும், உணரியைச் சுற்றி ஆவியும் காற்றும் மட்டுமே இருக்கும். நீரோடு ஒப்பிட்டால் காற்றின் வெப்பக் கடத்துத்திறன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அழுத்தமற்ற ஆவியோ 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். 200 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கும் உருளைத் தலையின் செய்தியை இவை உணரிக்கு ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பதில்லை. முள் தடுமாறும், இறங்கவும் செய்யும். உணரி திருகப்பட்ட உலோகத்தின் வழியாக வெப்பம் வந்து சேரலாம். ஆனால் தாமதமாகத்தான் வரும்.

அந்தத் தாமதத்திற்குள் என்ன நடக்கிறது? 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் ஒன்று வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் 0.16 மி.மீ. பெருகும். வார்ப்பிரும்பு உருளை அதே அளவு சூடானாலும் 0.08 மி.மீ. அளவே பெருகும். இரண்டுக்கும் இடையில் விடப்படும் இடைவெளியோ மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான். இடைவெளி மறைகிறது, எண்ணெய்ப் படலம் கிழிகிறது, பிஸ்டன் உருளையைக் கவ்விக்கொள்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்கிறார்கள். அதற்கு முன்பே உருளைத் தலை வளைந்து ஹெட் கேஸ்கட் போயிருக்கும். பழைய வேனை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு, எஞ்சினைத் திரும்பக் கட்டும் செலவு சில சமயம் வண்டியின் விலையையே எட்டிவிடும்.

உண்மையாக ஆறிய வண்டியில் முள் இறங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும். ஏற்றம் முடிந்திருக்கும், வேகம் கூடிக் காற்று பட்டிருக்கும், அல்லது சுமை குறைந்திருக்கும். ஏற்றத்தின் நடுவில், காரணமின்றி, சட்டென்று முள் இறங்கினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்திப் பார்க்க வேண்டும்.

எனவே வெப்பநிலை, மட்டம் என்ற இரு செய்திகளும் வேண்டும். மட்ட விளக்கும் தான் இருக்கும் தொட்டியைப் பற்றி மட்டுமே பேசும். தனித் தொட்டியில் நீர் இருந்தும் ரேடியேட்டர் காலியாக இருக்கலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதற்கு இணையான மீட்டர் பழைய வேனில் இல்லை.

வழியில் சூடேறினால்

வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். ஆவி தெரிந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ எஞ்சினை அணைக்க வேண்டும். பயணிகள், முக்கியமாகச் சிறுவர்கள், இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். மூடியைத் தொடவே கூடாது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸ் கை பொறுக்கும் அளவுக்கு ஆறி, அழுத்தினால் தளர்வாக இருக்கும்போதே, தடித்த துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருக வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி விரிசல் விடலாம். இவை பெரியவர்களின் வேலை. ஆனால் அவசரப்படும் பெரியவரைத் தடுத்து 180 லிட்டர் கணக்கைச் சொல்வது உங்கள் வேலையாக இருக்கலாம்.

எந்த நீரை ஊற்றுவது என்பதும் முக்கியம். நம் பகுதிப் பாறைகளுக்கு இடையிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். சூடாகும்போது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வெந்நீர் போடும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவு இதுவே. செம்போடு ஒப்பிட்டால் இப்படிவு வெப்பத்தை நூறில் ஒரு பங்கு அளவுகூடக் கடத்தாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கவும் செய்யும்.

எனவேதான் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். கூலண்டில் முக்கியமாக இருப்பது எத்திலீன் கிளைக்கால். குளிர்நாடுகளில் நீர் உறையாமலிருக்க அது தேவை. நம் ஊரில் நீர் உறையும் அச்சமில்லை. ஆனால் அதில் சேர்த்துள்ள பொருள்கள் துருவைத் தடுக்கின்றன. சரிபாதி கலந்தால் கொதிநிலையும் 107 டிகிரி அளவுக்கு உயர்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஆசிரியரின் உதவியோடு ஒரு முகவையில் 60 டிகிரி அளவுள்ள வெந்நீர் எடுத்து, வெப்பமானியின் குமிழை அமிழ்த்துங்கள். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது குமிழை நீருக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி, துணியால் துடைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் குறியுங்கள். வெந்நீரின் சூடு அதிகம் குறையவில்லை. வெப்பமானி மட்டும் இறங்கிவிட்டது. காலி ரேடியேட்டரில் உணரியின் நிலையும் இதுவே. துடைக்காமல் ஒரு முறை செய்து பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் தேடுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. உணரி தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால் முள் என்ன காட்டும்? ரேடியேட்டரைத் தொட்டால் எப்படி இருக்கும்?

2. இரு முனை மட்ட உணரி உள்ள தொட்டியில் உப்பே இல்லாத தூய காய்ச்சி வடித்த நீரை மட்டும் நிரப்பினால் விளக்கு என்ன செய்யும்?

3. 800 மீட்டர் உயரத்துக்கு ஏறும் 1,500 கிலோகிராம் வேனில் 5 லிட்டர் நீர் உள்ளது. வெப்பம் வெளியேற வழியில்லை என்றால், 80 டிகிரியில் இருக்கும் நீர் எவ்வளவு உயரத்தில் 100 டிகிரியை எட்டும்?

4. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு முள் மேலே ஏறுவதுண்டு. ஏன்? பம்ப் நின்ற பிறகு வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.